பன்னிரண்டு தட்டில் ஒரு வடக்கு

பழைய இசைத்தட்டு விற்கிறவர்களுக்கு முதலில் தேய்வது முழங்கால். நல்ல தட்டுகள் எப்போதும் மேசைக்குக் கீழே, நிலத்தோடு கிடக்கும் பெட்டியில்தான் இருக்கும். வாடிக்கையாளர் குனியமாட்டார். நாங்கள்தான் குனியவேண்டும். சேலைக் கடையோ, மரக்கறிக் கடையோ, நாள் முழுக்கக் கடையில் நிற்கும் என் கூட்டாளிகளே, இதற்கு மேல் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

என் கடை பரிசில், எங்கட சனத்தின் கடைகள் நிறைந்த லா சப்பலில், மெத்ரோ பாலத்தைத் தாண்டி கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் போகும் ஒரு சின்னத் தெருவில் இருக்கிறது. என் கடை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். முதலாளி அலன் என்கிற பிரெஞ்சுக்காரர். பத்தொன்பது வருடத்துக்கு முன் நான் அங்கே நிலம் துடைக்கப் போனவள். ஒருநாள் துடைத்து முடிந்தும் நேரம் மிச்சம் இருந்தது. தூசி பிடித்துக் கிடந்த, பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் உள்ள சின்னத் தட்டுகளைக் கழுவித் துடைத்து அடுக்கினேன். அடுத்த கிழமையும் கழுவச் சொன்னார் அலன். கழுவின தட்டு சுத்தமா என்று போட்டுக் கேட்டால்தானே தெரியும்? அப்படிக் கேட்கத் தொடங்கியதுதான். மூன்றாம் வருடம் துடைப்பத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, ஜெயா ஆகிய நான் சின்னத் தட்டுப் பகுதிக்குப் பொறுப்பாளர் ஆனேன்.

அதிலும் எனக்குப் பிடித்தது நோர்தேர்ன் சோல், அதாவது வடக்கின் சோல். இங்கிலாந்தின் வடக்கே ஆலைப் பட்டினங்கள் உண்டு. கிழமை முழுக்க ஆலையில் நின்ற இளசுகள் சனிக்கிழமை வந்ததும் ஆடப் போவார்கள். அவர்களுக்கு ஆடப் பிடித்தது அமெரிக்கக் கறுப்புப் பாடகர்களின் வேகமான சோல் பாட்டு. அமெரிக்காவில் அந்தத் தாளம் பழசாகிப்போன பிறகும் இவர்கள் விடவில்லை. அங்கே ஒருவரும் வாங்காமல் களஞ்சியங்களில் கிடந்த தட்டுகளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து ஆடினார்கள். ஒரு பாட்டு எவ்வளவுக்கு ஒருவருக்கும் தெரியாதோ அவ்வளவுக்கு அதற்கு மதிப்பு. வடக்கிலிருந்து வருகிறவர்கள் கேட்கும் தட்டுகளை லண்டனில் ஒரு கடையில் தனியாக எடுத்து வைத்தார்கள். அப்படி வைத்த இடத்தில்தான் அந்தப் பெயர் பிறந்ததாம். ஒரு சரித்திரத்துக்குப் பெயர் வந்தது கடை மேசைக்குப் பின்னால் இருந்து என்பதில் எனக்குச் சொந்தமாகவே ஒரு பெருமை.

போன வசந்தத்தில் எங்கள் பகுதி நூலகத்திலிருந்து அலனிடம் ஒரு கேள்வி வந்தது. இந்த இசையின் சரித்திரத்தைத் தொடக்கத்திலிருந்து இன்றுவரை சொல்லும் பன்னிரண்டு தட்டுகளைத் தெரிவு செய்து, ஒரு சனிக்கிழமை பின்னேரம் போட்டுக் காட்டிப் பேச முடியுமா என்று. அலன், "நான் ஜாஸ்காரன். சின்னத் தட்டெல்லாம் ஜெயாவின்ர" என்று சொல்லி ரெலிபோனை என் கையில் தந்துவிட்டார். அதன் பிறகு வந்த இரண்டு மாதத்தில் நடந்தவைதான் இவை. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சொன்னவற்றையும் எங்கட தமிழிலேயே தருகிறேன். சொன்னதைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

எந்த வடக்கு?

கடைக் கண்ணாடியில் பிரெஞ்சில் ஓர் அறிவித்தல் ஒட்டினோம். அதற்குக் கீழே, எங்கட சனமும் பார்க்கட்டும் என்று, என் கையெழுத்தில் தமிழிலும் எழுதி ஒட்டினேன்: "வடக்கின் சோல். பன்னிரண்டு தட்டில் ஒரு சரித்திரம். அனுமதி இலவசம்."

ஒட்டி அரை மணித்தியாலம் ஆகவில்லை, எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் ஐயா, முருங்கைக்காய் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் பையோடு வந்து நின்று வாசித்தார். ஒரு தடவை வாசித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை வாசித்தார். பிறகு உள்ளே வந்தார். நான் இருக்கச் சொல்லி, ஆலையில் தொடங்கி, ஆட்டம், களஞ்சியம், லண்டன் கடை என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். ஒரு முழுத் தட்டும் போட்டுக் காட்டினேன். என் முதல் சொற்பொழிவு அது. நூலகத்துக்கு இது ஒத்திகை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். ஐயா ஒரு சொல்லும் குறுக்கே பேசாமல், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். இவ்வளவு கவனமாகக் கேட்கிற ஆள் எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை.

எழும்பும்போது பையைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "எல்லாம் விளங்குது தங்கச்சி. ஆனா வடக்கெண்டு பொதுவாப் போட்டிருக்கிறியள். யாழ்ப்பாணத்தில வடமராட்சியோ, தென்மராட்சியோ எண்டதையும் போட்டால்தானே சனம் வரும்?"

மூக்கால் பாடின மனுசன்

லண்டன் ரயில் கார் து நோருக்கு வருவதால், ரயிலுக்கு ஒன்றிரண்டு மணித்தியாலம் மிச்சமிருக்கும் ஆங்கிலேயர்கள் எங்கள் கடைக்குள் வருவது வழக்கம். ஒருநாள் வந்தவருக்கு அறுபதுக்கு மேல். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார், பிறகு என்னிடமே, தட்டுகளைப் பற்றித் தெரிந்த ஆள் எப்போது வருவார் என்று கேட்டார். வந்துவிட்டேன் என்று சொன்னேன். உங்களுக்கும் இது நடந்திருக்கும். "முதலாளி இல்லையோ?" என்று எங்களிடமே கேட்பார்கள். கோபப்படுகிற வயதை நான் தாண்டிவிட்டேன்.

அவருக்குப் பாட்டின் பெயர் தெரியாது, பாடினவரும் தெரியாது. பதினேழு வயதில் ஆடின பாட்டு, மெட்டு மட்டும் ஞாபகம். வெட்கப்பட்டுக்கொண்டே மூக்கால் பாடத் தொடங்கினார். சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம் போனது. ஆனால் பாட்டுக்குள் போகுமுன் மேசையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார் பாருங்கள், அதில் பிடித்துவிட்டேன். பாடகர் வாய் திறக்கமுன் மேளக்காரர் இரண்டு தரம் தட்டிவிட்டு ஒரு கணம் நிறுத்துகிற பாட்டு எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அவர் பாடிக்கொண்டிருக்கும்போதே குனிந்து கீழ்ப்பெட்டியை இழுத்தேன். இரண்டு பிரதி இருந்தது. ஒன்று நூலகத்துக்கு என்று இரண்டாம் இடத்துக்குக் குறித்து வைத்தது. மற்றதைப் போட்டேன்.

இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், பிறகு குரல். மனுசன் பக்கத்தில் இருந்த ஸ்ரூலில் இருந்துவிட்டார். பாட்டு முடியும்வரை நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு போடுகிறேன் என்றார். வாசலில் நின்று திரும்பிச் சொன்னார்: "முப்பது வருசமாய் எத்தனையோ கடையில மூக்கால பாடியிருக்கிறன். பாடி முடியமுதல் குனிஞ்ச ஆள் நீங்கள் ஒராள்தான்."

ஒட்டின கடதாசி

அந்தக் காலத்தில் ஆட்ட மண்டபங்களில் தட்டுப் போடுகிறவர்களுக்குள் பெரிய போட்டி. ஒருவர் அரிய பாட்டொன்றைக் கண்டுபிடித்தால் மற்றவர் அதே தட்டைத் தேடி எடுத்துவிடுவார். அதனால் தட்டின் நடுவில் இருக்கும் பெயர்ச்சீட்டின் மேல் ஒரு கடதாசியை ஒட்டி, அதில் ஒரு பொய்ப் பெயரை எழுதிவிடுவார்கள். அப்படிக் கடதாசி ஒட்டின தட்டொன்று, இறந்துபோன ஓர் ஆங்கிலேயரின் வீட்டுப் பெட்டியோடு எங்களிடம் வந்து சேர்ந்தது. நீல மை, சரிந்த எழுத்து, இல்லாத ஒரு பாடகரின் பெயர். அதை ஐந்தாம் தட்டாக வைத்தேன்.

கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் ஒரு சேகரிப்பாளர், நல்ல வாடிக்கையாளர், அதைக் கண்டதும் விடமாட்டேன் என்று நின்றார். ஆவி பிடித்தால் கடதாசி கழன்றுவிடும், கீழே என்ன பெயர் என்று பார்க்கலாம், உலகத்தில் ஒன்றே ஒன்றாகக்கூட இருக்கலாம் என்றார். அலனுக்கும் ஆசை வந்துவிட்டது. கேத்திலில் தண்ணீர்கூட வைத்தாயிற்று. நான் கேத்திலை நிறுத்தினேன். "இந்தக் கடதாசியை ஒட்டினவன் ஒரு சனத்தையே ஆட வைச்சவன். கீழ இருக்கிற பெயர் அமெரிக்காவின்ர சரித்திரம். மேல இருக்கிற கடதாசிதான் நான் சொல்லப்போற சரித்திரம். கழட்ட விடமாட்டன்" என்றேன்.

சேகரிப்பாளருக்கு முகம் சிவந்துவிட்டது. அப்படியென்றால் பாடினது யாரென்று ஒருவருக்கும் தெரியாமலே போகவேண்டுமா என்று கேட்டார். எனக்குத் தெரியும் என்றேன். உண்மையில் தெரியும். மூச்செடுக்கிற விதத்தில் ஆளைக் கண்டுபிடித்து, அவர் பாடின வேறு இரண்டு தட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து உறுதிப்படுத்தியிருந்தேன். யாரென்று கேட்டார். நூலகத்து நாள் முடியட்டும், அதுவரை சொல்வதாக இல்லை என்றேன். கயிற்றில் தொங்கிய கண்ணாடியை எடுத்துப் போட்டு என்னை ஒரு முறை வடிவாகப் பார்த்தார்: "நீங்கள் பிழையான ஊரில பிறந்திட்டியள் மதாம். அங்கை பிறந்திருந்தால் தட்டுப் போடுற அத்தனை பேரும் உங்களுக்குப் பயந்திருப்பினம்."

மோட்டார் சைக்கிள் கொடுத்து வாங்கின தட்டு

இதைச் சொல்ல எனக்கு இன்னும் கொஞ்சம் மனம் கூசுகிறது. அலனின் மேசைக்குப் பின்னால், சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு தட்டுத் தொங்கியது. நோர்தேர்ன் சோல் ஆட்டக்காரர்கள் உயிரை விடும் பாட்டு. அசல் பிரதி கிடைப்பதே அபூர்வம். அலன் இளந்தாரியாக இருந்தபோது இங்கிலாந்துக்குப் போய், தன் மோட்டார் சைக்கிளைக் கொடுத்து மாற்றி வாங்கி வந்தது. கடைக்கு வருகிற எல்லாருக்கும் அந்தக் கதையைச் சொல்வார். ஜாஸ்காரராக இருந்தும் சுவரில் அவர் மாட்டியது அந்த ஒன்றைத்தான். ஆறாம் தட்டு அதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

சட்டத்திலிருந்து எடுத்துத் துடைக்கும்போது, பாட்டுக் கோடு முடிந்து பெயர்ச்சீட்டு தொடங்கும் அந்த வெறும் வளையத்தைப் பார்த்தேன். அசலில் அந்த இடத்தில் தட்டின் எண்ணை இயந்திரத்தால் குத்தியிருக்கும். இதில் ஊசியால் கையாலே கீறியிருந்தது. பெயர்ச்சீட்டின் எழுத்திலும், படம் பிடித்து அச்சடித்தது போல ஒரு மங்கல். கள்ளப் பிரதி. இரண்டு நாள் நான் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு, ஸ்தேனுக்குப் போகும் ரயிலில் இருந்துகொண்டு, வேறு தட்டைப் போட்டுச் சமாளிப்போமா என்றுகூட யோசித்தேன். ஆனால் சரித்திரம் சொல்லப்போகிறேன் என்று ஊருக்கெல்லாம் எழுதி ஒட்டிவிட்டு, என் முதலாளியின் சுவரில் பொய்யைத் தொங்கவிடுவது எப்படி? மூன்றாம் நாள் சொன்னேன்.

அலன் பூதக்கண்ணாடியை எடுத்து நிறைய நேரம் பார்த்தார். வெளியே போய் சிகரெட் பிடித்துவிட்டு வந்தார். "நல்ல மோட்டார் சைக்கிள்" என்று மட்டும் சொன்னார். நான் சொன்னேன், இதையே ஆறாவதாக வைக்கிறேன், கள்ளப் பிரதி என்று சொல்லியே போடுகிறேன். அசல் வாங்க வழியில்லாத எத்தனையோ பேர் வீட்டில் வைத்து ஆடினது இந்த மாதிரிக் கள்ளத் தட்டுக்குத்தான், இது இல்லாமல் அந்தக் கதை முழுசாகாது என்று. அவர் வெறும் சட்டத்தைச் சுவரில் திரும்ப மாட்டினார். தட்டை என் கையில் தந்தார்: "சரி, கொண்டு போ. ஆனா கள்ளத் தட்டெண்டு உன்ர வாயால சொல்லு. என்ர வாயால அது வராது."

எட்டாம் தட்டு

எட்டாம் இடத்துக்கு இரண்டு தட்டுகள் என்னிடம் சண்டை போட்டன. ஒன்று சேகரிப்பாளர்கள் கும்பிடுகிற அரிய தட்டு. மற்றது அவ்வளவு அரியதல்ல, ஆனால் கேட்கக் கேட்க விடாது. ஒரு கிழமை இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு, அலனையும் என்னோடு வேலை செய்யும் பஸ்தியானையும் விசராக்கிவிட்டேன்.

நேசன் என்று ஒருவர் கடைக்கு வருவார். முல்லைத்தீவுப் பக்கம். வந்து இரண்டு வருடம், ஒரு பிரெஞ்சு ரெஸ்ரோறன்றில் சமையல் வேலை. மதியச் சாப்பாடு முடிந்தால் இரவு வேலைக்கு மூன்று மணித்தியாலம் இருக்கும். வீடு தூரம், போய்வர நேரம் காணாது. ஒருநாள் மழைக்கு ஒதுங்கினவர் பிறகு பழக்கமாகிவிட்டார். பெட்டிகளுக்கு நடுவில் சுவரில் சாய்ந்து, சப்பாத்துக் கயிற்றைத் தளர்த்திவிட்டு நிற்பார். இருக்கச் சொன்னாலும் இருக்கமாட்டார். இருந்தால் பிறகு எழும்ப மனம் வராதாம். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, இந்தப் பாட்டுகளின் கதையும் நான் சொன்னதில்லை.

அன்றைக்கு இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டேன். அரிய தட்டுக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மற்றதைப் போட்டதும் இடது குதிக்கால் எழும்பியது. பிறகு வலது. பிறகு சுவரிலிருந்து முதுகு எடுபட்டது. எது நல்லது என்று கேட்டேன். இரண்டாவது என்றார். ஏன் என்று கேட்டேன். சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "இது நாள் முழுக்க நிண்டு வேலை செய்யிற ஆக்களின்ர பாட்டு அக்கா. இருந்து வேலை செய்யிறவனுக்கு இது விளங்காது."

ஆலைகளைப் பற்றி அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை என்பதைத் திரும்ப எழுதுகிறேன். எட்டாம் தட்டு முடிவானது.

பஸ்தியான் விற்ற பன்னிரண்டாவது

ஆட்டம் முடியும் நேரத்தில், களைத்துப்போனவர்களை வீட்டுக்கு அனுப்ப ஒரு மெதுவான பாட்டுப் போடுவார்கள். அதுதான் பன்னிரண்டாவது. எங்களிடம் ஒரே ஒரு பிரதி. நூலகத்து நாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது நான் மதியம் சாப்பிட்டு வர, மேசையில் பதினொரு தட்டுத்தான் இருந்தது. பஸ்தியான் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னான், மேசையில் கிடந்த ஒரு தட்டை ஒரு மனுசன் ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டு போனார் என்று. எங்கே போனார்? லீல் நகரத்துக்குப் போகும் ரயிலுக்காம். பச்சைக் கம்பளிச் சால்வையாம். எப்போது போனார்? இப்போதுதானாம்.

பஸ்தியானை ஏசுவதற்கும் நேரம் இல்லை. ஓடினேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, முழங்காலின் கதை உங்களுக்குத் தெரியும். காய்கறிப் பெட்டி இறக்குகிறவர்களுக்கு நடுவில், நகைக் கடை வாசலில் நின்ற கலியாண வீட்டுக் கூட்டத்துக்கு நடுவில் ஓட, தெரிந்தவர்கள் எல்லாம் "என்ன ஜெயாக்கா, என்ன நடந்தது?" என்று கத்துகிறார்கள். ஸ்ரேசனுக்குள் போனால், நேரப் பலகைக்குக் கீழே முழு உலகமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறது. பச்சைச் சால்வை ஒன்று கோப்பியோடு நின்றது. கையைப் பிடித்துவிட்டேன்.

மூச்சு வாங்க வாங்க, சனிக்கிழமை, நூலகம், பன்னிரண்டு, கடைசிப் பாட்டு என்று என் பிரெஞ்சும் தமிழும் கலந்து கொட்டினேன். திருப்பித் தரவேண்டாம், இரவல் தந்தால் போதும், அடுத்த கிழமையே தபாலில் அனுப்புகிறேன் என்றேன். அவர் எதற்காக அதை வாங்கினார் என்று கேட்டேன். பாடகியின் பெயரும் மனைவியின் பெயரும் ஒன்றாம், பாட்டை இன்னும் கேட்கவில்லையாம். தட்டை எடுத்துத் தந்து, விலாசத்தை என் கையின் பின்புறத்தில் எழுதினார். பிறகு சொன்னார்: "பிடிச்ச பிடியில நீங்கள் பொலிஸ் எண்டு நினைச்சிட்டன். ஒரு பாட்டுக்காக இப்பிடி ஓடி வாறதெண்டால், என்ர மனுசிக்குக் குடுக்க அது நல்ல பாட்டுத்தான்."

அடுத்த கிழமை அனுப்பினேன், இரட்டைப் பெட்டியில்.

இலக்கணப் பிழை

ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சின்ன அட்டை எழுதினேன், பிரெஞ்சில். பேச்சுப் பிரெஞ்சு எனக்கு ஓடும், எழுத்துத்தான் நொண்டும். மகள் தர்சியிடம் திருத்தக் கொடுத்தேன். இங்கே பிறந்தவள், ஒரு கந்தோரில் மேசை வேலை. நான் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். என் வேலையைப் பற்றி வெளியில் கேட்டால் "அம்மா ஒரு கடையில நிக்கிறா" என்பதோடு நிறுத்துவாள். சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டு குசினி மேசையில் இருந்தாள். ஆறு அட்டை சிவப்பாகிவிட்டது. இது நீளம், இது ஒருவருக்கும் விளங்காது, இதை இப்படிச் சொல்லமாட்டார்கள் என்று ஒரே முறைப்பாடு.

ஒன்பதாம் அட்டையில் பேனை நின்றது. அதில் ஒரு பாடகியைப் பற்றி எழுதியிருந்தேன். ஒரே ஒரு தட்டுப் பாடினார். ஊரில் ஒருவரும் வாங்கவில்லை. பாடுவதை விட்டுவிட்டுப் பாடசாலை பஸ் ஓட்டினார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மண்டபமே தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்ததாக ரெலிபோனில் யாரோ சொல்லித்தான் அவருக்குத் தெரியவந்தது. கடைசி வரியாக, "அவர் செய்தது நல்ல வேலை. அதை அவரிடம் சொல்ல மட்டும் ஆள் பிந்தி வந்தது" என்று எழுதியிருந்தேன். தர்சி அதைத் திரும்ப வாசித்தாள். பிறகு பேனையை மூடிவைத்துவிட்டு, அபூர்வமாகத் தமிழில் சொன்னாள்: "அம்மா, இந்த வசனத்தில இலக்கணம் பிழை. ஆனா நான் கை வைக்கமாட்டன்."

சந்தனப் பவுடர்

சனிக்கிழமை பின்னேரம். நூலகத்தில் கதிரைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள், எல்லாவற்றிலும் ஆட்கள். முதல் தட்டுக்குக் குறிப்பை வரிக்கு வரி வாசித்தேன். இரண்டாவதுக்கு இடைக்கிடை நிமிர்ந்து சனத்தைப் பார்த்தேன். மூன்றாவதுக்கு, கையில் வைத்திருந்த குறிப்பைப் பார்க்காமலே பேசிக்கொண்டிருந்தேன். நான்காவது முடிய ஓர் அம்மா கையைத் தூக்கினார். வெள்ளைத் தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தார், தோல் அடி வைத்த தட்டைச் சப்பாத்து. இங்கிலாந்தின் வடக்கில் பிறந்தவர், பதினைந்து வயதில் நூல் ஆலைக்குப் போனவர், இப்போது மகனோடு பரிசில் இருக்கிறார் என்று தன்னை அறிமுகப்படுத்தினார். "இருந்து கேட்கிற பாட்டில்லை இது" என்றார். நூலகப் பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். கதிரைகளை எடுங்கோ என்றேன்.

எடுத்தாயிற்று. ஆனால் அந்த அம்மாவின் சப்பாத்து நிலத்தில் ஒட்டியது, வழுக்கவில்லை. அந்த மண்டபங்களில் எல்லாம் நிலத்தில் பவுடர் தூவித்தான் ஆடுவார்கள், இல்லாவிட்டால் சுழல முடியாது. பவுடருக்கு எங்கே போவது? பஸ்தியான் எங்கட பலசரக்குக் கடைக்கு ஓடி, இரண்டு பேணி சந்தனப் பவுடரோடு திரும்பி வந்தான். நிலத்தைத் துடைத்துத் தந்துவிட்டுத்தான் போவேன், அந்த வேலை எனக்கு நன்றாகத் தெரியும் என்று நூலகப் பொறுப்பாளருக்குச் சத்தியம் செய்தேன். தூவினோம். கோயில் மணம் எழும்பியது. ஐந்தாம் தட்டைப் போட்டேன்.

எழுபது தாண்டின மனுசி, கைகளைத் தளர விட்டு, பக்கவாட்டில் நாலு அடி வழுக்கிப் போய், நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார் பாருங்கள், சுற்றி நின்றவர்கள் பின்னுக்குப் போய் இடம் விட்டார்கள். பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்தவர்களும் பையை வைத்துவிட்டு இறங்கினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் நான் கதையைச் சொன்னேன், அவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்கள், திரும்ப ஆடினார்கள். பன்னிரண்டாவது மெதுவான பாட்டு முடிந்ததும் ஊசியைத் தூக்கி வைத்தேன். பிறகு அடித்த கைதட்டல் யாருக்கென்று விளங்காமல் நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது. எனக்குத்தான்.

அந்த அம்மா வெள்ளைப் பவுடர் படிந்த சப்பாத்தோடு வந்து என் இரண்டு கையையும் பிடித்தார். ஒழுங்கு பிழைக்கவில்லை, ஒன்றையும் விடவுமில்லை என்றார். அதற்குப் பிறகு குனிந்து, நிலத்தில் கிடந்த பவுடரை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்துச் சொன்னார்: "எங்கட மண்டபத்தில வியர்வை மணம்தான். இப்பிடி ஒரு பவுடர் அப்பவே கிடைச்சிருந்தால் நான் கலியாணம் கட்டாமல் ஆடிக்கொண்டே இருந்திருப்பன்."

ஒரு சரித்திரத்தையே பன்னிரண்டு தட்டில் சொல்லி முடித்தவள் என்ற பெருமையோடு செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்தேன், முதலில் வந்தவர் கேட்டது போன் சார்ஜர், அது எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கும் என்பதையும் பிழையில்லாமல் சொல்லி அனுப்பினேன்.